கல்லூரிக் கூடைப்பந்தில் விதி மாறப் போகிறதா? படித்து, எண்ணி, கோர்ட்டில் சோதிக்கும் முறை

ஃபீபா (உலகக் கூடைப்பந்து அமைப்பு) விதியில் ஆடிப் பழகியவர் அமெரிக்கக் கல்லூரி ஆண்கள் ஆட்டத்தை முதல் தடவை பார்த்தால் பத்து நிமிடத்தில் குழம்பிவிடுவார். நாலு குவார்ட்டர் கிடையாது; 20 நிமிடப் பாதி இரண்டு. ஷாட் கிளாக் 24 இல்லை, 30. ஒரு பாதியில் ஆறு டீம் ஃபவுல் வரை, ஷாட்டில் நடந்த ஃபவுல் தவிர வேறெந்தச் சாதாரண ஃபவுலுக்கும் ஃப்ரீ த்ரோ இல்லை. ஏழாவதிலிருந்து ‘ஒன் அண்ட் ஒன்’: முதல் த்ரோ விழுந்தால்தான் இரண்டாவது. பத்தாவதிலிருந்து இரண்டு த்ரோ. அதே கல்லூரிகளின் பெண்கள் அணிகளோ 2015-16 முதல் பத்துப் பத்து நிமிடமாக நாலு குவார்ட்டர் ஆடுகின்றன.

இதற்கு நடுவில் வருடா வருடம் மே, ஜூனில் “கல்லூரி ஆட்டத்தில் விதி மாறுகிறது” என்று செய்தி வரும். பயிற்சியாளரோ, நடுவரோ, ஸ்கோரர் டேபிளில் உட்காருபவரோ, வெறும் ரசிகரோ, அந்தச் செய்தியைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதுதான் இங்கே விஷயம். சுருக்கமாகச் சொன்னால், மாற்றம் நல்லதா கெட்டதா என்று முதலில் வாதம் பண்ணாதீர்கள். எத்தனை நொடி, எத்தனை ஃபவுல், எத்தனை அங்குலம் நகர்கிறது என்று முதலில் எண்ணுங்கள்.

எந்தப் படியில் நிற்கிறது என்று பாருங்கள்

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ அமைப்பில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி விதிக் குழுக்கள் உண்டு. குழு கூடி ஒன்றைப் பரிந்துரைக்கும். அதன்பின் உறுப்புக் கல்லூரிகள் கருத்துச் சொல்லக் கொஞ்ச நாள் தருவார்கள். பிறகு எல்லா விளையாட்டுக்கும் பொதுவான ஆட்டவிதி மேற்பார்வைக் குழு ஒப்புதல் தர வேண்டும். அந்தக் குழு பார்ப்பது மூன்று: வீரர் பாதுகாப்பு, செலவு, ஆட்டத்தின் பெயர் கெடுமா என்பது. ஆண்கள் ஆட்டத்தில் பெரிய மாற்றங்கள் ஒரு வருடம் விட்டு ஒரு வருடம்தான் வரும். 2015, 2019, 2023, 2025 எல்லாம் அப்படி வந்தவை.

ஆகவே செய்தியில் வினைச்சொல்லைத் தேடுங்கள். ‘விவாதித்தது’ என்றால் இன்னும் ஒன்றும் ஆகவில்லை. ‘பரிந்துரைத்தது’ என்றால் பாதி வழி. ‘ஒப்புதல் தந்தது’ என்றால் நவம்பரில் விசிலோடு வரும். 2025இல் ஆண்கள் ஆட்டத்தைக் குவார்ட்டருக்கு மாற்றும் பேச்சு முதல் வகை. குழு அதற்குச் சாதகமாகப் பேசியது, கல்லூரிகளின் லீக் கூட்டமைப்புகள் (கான்ஃபரன்ஸ்) சேர்ந்து ஒரு பணிக்குழு வைத்துக் கருத்துச் சொல்லட்டும் என்றது, அவ்வளவுதான். அதே நாளில் வந்த பயிற்சியாளர் சேலஞ்ச் மூன்றாம் வகை. இரண்டையும் ஒரே தலைப்பில் போட்டால் குவார்ட்டர் வந்துவிட்டது என்றே படிப்பவருக்குத் தோன்றும்.

நாலாவதாக ஒன்று உண்டு: ‘சோதனை விதி’. இதை அலட்சியம் செய்யாதீர்கள். சீசன் முடிவில் நடக்கும் அழைப்புப் போட்டியான என்ஐடியில் 2015இல் 30 நொடி ஷாட் கிளாக்கையும் ரிங்கின் அடியில் 4 அடி வளைவையும் (உதவிக்கு வந்த தடுப்பவர் இதற்குள் நின்று மோதல் வாங்கினால் ஃபவுல் அவர் மேல்தான்) சோதித்தார்கள். அடுத்த சீசனிலேயே இரண்டும் விதியாகின. 2018, 2019 என்ஐடியில் நீட்டிய த்ரீ பாயிண்ட் கோடு, தாக்கும் அணி ரிபவுண்ட் எடுத்தால் 20 நொடி, 12 அடிக்குப் பதில் 16 அடி அகலப் பெயிண்ட் (ரிங்கின் முன்னால் உள்ள கட்டம்), 2018இல் மட்டும் நாலு குவார்ட்டர் என்று சோதனைகள் நடந்தன. முதல் இரண்டும் 2019-20இல் விதியாகின. அகலப் பெயிண்ட் சோதனையோடு நின்றுவிட்டது. குவார்ட்டர் பேச்சாகவே இருந்தது. மாற்றம் வருமா என்று ஜோசியம் பார்ப்பதைவிட என்ஐடி பார்ப்பது மேல்.

விதியின் பொருள் மாறாமல் விசில் மாறுவதும் உண்டு. 2013-14இல் கை வைத்துத் தடுப்பது பற்றி வழிகாட்டுதலாக இருந்ததை விதிப் புத்தகத்தில் ஏற்றிக் கண்டிப்பாக ஊதச் சொன்னார்கள். வீரர்களுக்கு அது புது விதி போலத்தான் இருந்தது.

விதி எண்ணைப் பிடியுங்கள்

செய்தியோடு நிற்காமல், மாற்றம் விதிப் புத்தகத்தில் எந்தப் பகுதியில் உட்காருகிறது என்று பாருங்கள். முதல் பகுதி கோர்ட்டும் கருவிகளும், நாலாவது சொற்களின் இலக்கணம், ஒன்பதாவது வயலேஷன், பத்தாவது ஃபவுலும் தண்டனையும், பதினொன்றாவது வீடியோ ரிவ்யூ. ஒன்பதில் ஒரு வரி மாறினால் ஒரு சூழ்நிலைதான் மாறும். நாலில் ஒரு சொல்லின் பொருள் மாறினால் அந்தச் சொல் வரும் எல்லா இடமும் மாறும்.

2023-24இல் வந்த பிளாக் / சார்ஜ் மாற்றம் நல்ல பாடம். மோதலில் ஃபவுல் தடுப்பவர் மேல் என்றால் பிளாக், தாக்குபவர் மேல் என்றால் சார்ஜ். அதற்கு முன், தாக்கும் வீரர் தரையை விட்டு எழும்புவதற்குள் தடுப்பவர் இடத்தைப் பிடித்திருந்தால் போதும், சார்ஜ். மாற்றத்துக்குப் பின், எழும்புவதற்காகக் காலை ஊன்றும் நேரத்திலேயே தடுப்பவர் இடத்தில் இருக்க வேண்டும். காலை ஊன்றுவதற்கும் தரையை விடுவதற்கும் நடுவே ஒரு நொடிகூட இல்லை. ஆனால் முன்பு கடைசி நேரத்தில் குறுக்கே வழுக்கி வந்து நெஞ்சில் வாங்கி விழுந்தவர்கள் எல்லாரும் அந்த இடைவெளியில்தான் பிழைத்தார்கள்.

இதைக் கண்ணுக்குப் பழக்க ஒரு வழி: பந்தோடு ரிங்கை நோக்கிப் பாயும் டிரைவ் பத்தைப் போனில் ஸ்லோ மோஷனில் எடுங்கள். கேமரா பேஸ்லைனில், முழங்கால் உயரத்தில், இரண்டு பேரின் கால்களும் தெரியும்படி. ஒவ்வொன்றிலும் கால் ஊன்றும் ஃபிரேமில் நிறுத்தித் தடுப்பவரின் இரண்டு காலும் தரையில் இருக்கிறதா, உடம்பு பாதையில் இருக்கிறதா என்று குறியுங்கள். பிறகு தரையை விடும் ஃபிரேமில் அதையே செய்யுங்கள். இரண்டு விடையும் வேறுபடும் கிளிப்கள்தான் விதி மாற்றத்தின் அளவு. பெரும்பாலும் நடக்கும் தவறு, தாக்குபவரையே பார்த்துக்கொண்டிருப்பது. நடுவர் முதலில் பார்க்க வேண்டியது தடுப்பவரை.

2025-26இல் இதற்குத் துணையாக இன்னொன்று வந்தது. ரிங்கை நோக்கிப் போய் டிரிபிளை முடித்த வீரர்மேல் தடுப்பவர் மோதினால், அவர் பிவட் பண்ணியோ எடுத்த அடியை முடித்தோ ஷாட்டைப் போடலாம், விழுந்தால் கணக்கு. முன்பு “ஷாட்டுக்கு முன்னாடியே பிடிச்சிடு, பக்கத்திலிருந்து போடட்டும்” என்று தடுப்பாளர்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் இப்போது மூன்று புள்ளி கொடுக்கும் பாடம்: கூடை இரண்டு, ஃப்ரீ த்ரோ ஒன்று. பயிற்சியில் டிரிபிள் நின்றதும் ஒருவர் கை தட்டட்டும். அந்தத் தட்டலுக்குப் பிறகு தொட்ட ஒவ்வொரு ஃபவுலையும் ஷாட் ஃபவுலாக எண்ணுங்கள். ஒரு வாரத்தில் பையன்கள் தானாகவே கையை இழுத்துக்கொள்வார்கள்.

குவார்ட்டரா, பாதியா: ஃபவுல் கணக்கு

வாதம் அதிகமும் எண்கள் குறைவுமாக நடப்பது இந்த விஷயத்தில்தான். காகிதமும் பேனாவும் போதும்.

பெண்கள் விதியில் ஒவ்வொரு குவார்ட்டரிலும் ஐந்தாவது டீம் ஃபவுலிலிருந்து இரண்டு த்ரோ. அடுத்த குவார்ட்டரில் கணக்கு பூஜ்யத்துக்குத் திரும்பும். ஒன் அண்ட் ஒன் என்ற பேச்சே இல்லை. எக்ஸ்ட்ரா டைம் நாலாவது குவார்ட்டரின் தொடர்ச்சி.

100க்கு 70 ஃப்ரீ த்ரோ போடும் அணி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு த்ரோவின் மதிப்பு 1.40 புள்ளி. ஒன் அண்ட் ஒன்னில் முதலாவதுக்கு 0.70, அது விழுந்தால்தான் அடுத்தது என்பதால் இரண்டாவதுக்கு 0.7 × 0.7 = 0.49, ஆக 1.19. இனி எதிரணி முதல் 20 நிமிடத்தில் செய்யும் ஃபவுல்களைப் பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்து எழுதுங்கள். ஷாட்டில் நடந்த ஃபவுலுக்கும் தாக்கும்போது செய்த ஃபவுலுக்கும் இந்தக் கணக்கில் புள்ளி போட வேண்டாம்.

எதிரணி முதல் பத்தில் 5, அடுத்த பத்தில் 5 செய்தது என்று வைப்போம். பாதி முறையில் 7, 8, 9 மூன்றும் ஒன் அண்ட் ஒன், 10ஆவது இரண்டு த்ரோ: 3.57 + 1.40 = 4.97 புள்ளி. குவார்ட்டர் முறையில் ஒவ்வொன்றிலும் ஐந்தாவது மட்டும்: 2.80. கிட்டத்தட்ட பாதி.

அதே பத்து ஃபவுல் 2, 8 என்று விழுந்தால்? பாதி முறையில் அதே 4.97. குவார்ட்டரில் 5, 6, 7, 8 நாலுக்கும் இரண்டிரண்டு த்ரோ: 5.60. நிலைமை தலைகீழ்.

ஆக “குவார்ட்டர் வந்தால் ஃப்ரீ த்ரோ குறையும்” என்பது பாதி உண்மை. ஃபவுல் பரவலாக விழும் அணிக்குக் குறையும்; கொத்தாக விழும் அணிக்குக் கூடும். முழுக் கோர்ட் பிரஸ் போடும் (கோர்ட் முழுக்க நெருக்கித் தடுக்கும்) அணிகள் இரண்டாவது வகையில் விழ வாய்ப்பு அதிகம். உங்கள் அணியின் பழைய ஸ்கோர் ஷீட் பத்தை எடுத்து இதைச் செய்து பாருங்கள். ஒரு மணி நேர வேலை. இதில் வரும் சிக்கல் ஒன்று: ஷாட்டில் நடந்த ஃபவுலுக்கும் தாக்கும்போது செய்த ஃபவுலுக்கும் இங்கே புள்ளி இல்லை என்றாலும் டீம் ஃபவுல் எண்ணிக்கையில் அவை ஏறும். ஏழாவது எது என்று எண்ணும்போது அவற்றைச் சேர்க்க வேண்டும். புள்ளி போடும்போது விட்டுவிட வேண்டும். இரண்டையும் ஒரே பத்தியில் எழுதினால் கணக்கு தப்பும். தனிப் பத்தி போடுங்கள்.

ஆட்டத்தின் முடிவு இன்னும் அதிகமாக மாறும். பாதி முறையில் கடைசி ஒரு நிமிடத்துக்குள் இரண்டு அணியும் பெரும்பாலும் ஏழைத் தாண்டியிருக்கும். பின்தங்கிய அணி பிடித்த கையோடு எதிராளியை ஃப்ரீ த்ரோ லைனுக்கு அனுப்பலாம். ஒன் அண்ட் ஒன்னில் முதல் த்ரோ தவறினால் பந்து உடனே உயிரோடு இருக்கும். அந்த ரிபவுண்ட்தான் திரும்பி வரும் வழி. குவார்ட்டர் முறையில் கடைசிக் குவார்ட்டரில் ஒரே ஒரு ஃபவுல்தான் ஆகியிருக்கிறது என்றால், எதிராளியை லைனுக்கு அனுப்ப இன்னும் நாலு ஃபவுல் வேண்டும். அதில் மூன்று வெறும் த்ரோ-இன். ஒவ்வொன்றும் மூன்று நொடி தின்றாலும் ஒன்பது நொடி போச்சு. மறுபக்கம், மூன்று புள்ளி முன்னால் இருக்கும் அணிக்கு அந்த மிச்ச ஃபவுல்கள் சொத்து: எட்டு நொடி இருக்கும்போது ஒன்றைச் செலவழித்து எதிராளியின் திட்டத்தை உடைக்கலாம், த்ரோ கொடுக்காமலே. ஆகவே ஐந்து நிமிடம் இருக்கும்போதே “நம்மகிட்ட எத்தனை ஃபவுல் மிச்சம்” என்று பெஞ்சில் ஒருவர் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

குவார்ட்டர் முடிவு நாலு என்றால், ‘இரண்டுக்கு ஒன்று’ வாய்ப்பும் நாலு: கடைசி நொடிகளில் எதிரணிக்கு ஒரு முறை, உங்களுக்கு இரண்டு முறை பந்து. 30 நொடி கிளாக்கில் கணக்கு இது: 38 நொடி இருக்கும்போது ஷாட் போட்டால் எதிரணி 36 வாக்கில் பந்தை எடுக்கும்; 30 நொடிக்குள் போட்டாக வேண்டும்; உங்களுக்கு ஐந்தாறு நொடி மிஞ்சும். 33இல் போட்டால் ஒரு நொடி மிஞ்சினாலே அதிகம். அதனால் 36க்கும் 40க்கும் நடுவே போடுங்கள். எதிரணி தன் ரிபவுண்டைத் தானே எடுத்தால் புதிதாக 20 நொடி கிடைக்கும். உங்கள் மிச்சம் காலி. பாக்ஸ் அவுட் (ரிபவுண்டுக்கு எதிராளியை உடம்பால் மறிப்பது) இல்லாத இரண்டுக்கு ஒன்று வீண்.

குவார்ட்டர் மாற்றம் ஏன் தள்ளிக்கொண்டே போகிறது என்றால், விளம்பரம். ஆண்கள் ஆட்டத்தில் ஒவ்வொரு பாதியிலும் 16, 12, 8, 4 நிமிடத்துக்குக் கீழே வரும் முதல் டெட் பாலில் தொலைக்காட்சி இடைவேளை, மொத்தம் எட்டு. குவார்ட்டரில் இந்த எண்கள் பொருந்தாது. பெண்கள் ஆட்டத்தில் ஒவ்வொரு குவார்ட்டரிலும் 5 நிமிடத்துக்குக் கீழே ஒன்று, குவார்ட்டர் இடைவெளிகள் தனி என்று அமைத்திருக்கிறார்கள். எட்டு இடத்தை எங்கே வைப்பது என்பதற்குப் பதில் கிடைக்காதவரை ஃபவுல் கணக்கு எவ்வளவு அழகாக இருந்தாலும் நகராது.

சேலஞ்ச்: எப்போது கேட்பது

2025-26 ஆண்கள் விதிப்படி பயிற்சியாளர் மூன்று விஷயத்துக்குச் சேலஞ்ச் கேட்கலாம்: பந்து யார் மேல் பட்டு வெளியே போனது, கோல்டெண்டிங் (கூடையை நோக்கி இறங்கும் பந்தைத் தட்டுவது) அல்லது கூடைக் குறுக்கீடு, உதவிக்கு வந்த தடுப்பவர் வளைவுக்குள் நின்றாரா. கேட்கக் கையில் ஒரு டைம் அவுட் இருக்க வேண்டும். முதலாவது வென்றால் இன்னொன்று உண்டு. தோற்றால் ஆட்டம் முழுக்க அவ்வளவுதான்.

அடுத்த வரியைப் பலர் படிக்காமல் விடுகிறார்கள். கடைசி இரண்டு நிமிடத்திலும் எக்ஸ்ட்ரா டைமிலும் கோல்டெண்டிங்கையும் வளைவையும் நடுவர் தானாகவே வீடியோவில் பார்க்கலாம். ஆனால் பந்து வெளியே போனதைச் சேலஞ்ச் இல்லாமல் பார்க்கவே முடியாது. ஆகவே கடைசி இரண்டு நிமிடத்தில் சேலஞ்சின் முழு மதிப்பும் வெளியே போன பந்தில்தான்.

அதற்கு முன்னால் என்றால், சும்மா ஒரு பொசஷனுக்காக (ஒரு முறை பந்து கைக்கு வருவதற்காக) 12ஆவது நிமிடத்தில் கேட்காதீர்கள். ஒரு பொசஷன் கிட்டத்தட்ட ஒரு புள்ளிதான். வளைவு சேலஞ்ச் வேறு விஷயம்: சார்ஜ் பிளாக்காக மாறினால் கூடை கிடைக்கலாம், த்ரோ கிடைக்கலாம், உங்கள் வீரர் பெயரிலிருந்து ஒரு ஃபவுல் அழியும். நாலு ஃபவுலில் ஆடும் முக்கிய வீரர் என்றால் யோசிக்கவே வேண்டாம்.

நடப்பில் கெடுவது இப்படித்தான்: 40 நொடி இருக்கும்போது கடைசி டைம் அவுட்டை ஒரு பிளே வரையச் செலவழித்துவிட்டு, 15ஆவது நொடியில் விரல் நுனி பட்டு வெளியே போன பந்துக்குக் கை தூக்குவது. டைம் அவுட் இல்லை; சேலஞ்ச் இல்லை. கடைசி டைம் அவுட்டைச் சேலஞ்சுக்கு என்று ஒதுக்கிவிட்டு மிச்சத்தில் பிளே வரையுங்கள்.

தரையில் கோடு போட்டுப் பார்ப்பது

கோடு நகரும் மாற்றத்தைப் பேசித் தீர்க்க முடியாது. டேப் ஒட்டி ஆட வேண்டும். 2019-20இல் ஆண்கள் முதல் பிரிவில் வந்து, 2021-22இல் பெண்களுக்கும் ஆன 22 அடி 1¾ அங்குலக் கோட்டையே எடுத்துக்கொள்வோம். அது ஃபீபாவின் 6.75 மீட்டர்தான். அளவு தொடங்குவது பேஸ்லைனிலிருந்தோ போர்டிலிருந்தோ அல்ல, ரிங்கின் நடுப்புள்ளியிலிருந்து. ரிங்கின் நடுவிலிருந்து தூக்குக்குண்டு விட்டுத் தரையில் குறி வையுங்கள். அது பேஸ்லைனின் உள்விளிம்பிலிருந்து 63 அங்குலத்தில் விழ வேண்டும்: போர்டு 48, ரிங்குக்கு 6, ரிங்கின் அரை அகலம் 9. விழவில்லை என்றால் போர்டு தள்ளியிருக்கிறது. முதலில் அதைச் சரி செய்யுங்கள்.

அந்தக் குறியிலிருந்து 265¾ அங்குலம் கோட்டின் வெளிவிளிம்பு. மூலைகளில் வளைவு நேர்கோடாகும். அங்கே நடுவிலிருந்து 21 அடி 7⅞ அங்குலம், அதாவது சைடுலைனுக்கு 40⅛ அங்குலம் மிச்சம். நேர்கோடு பேஸ்லைனிலிருந்து சுமார் 9 அடி 10½ அங்குலம் வந்து வளைவைத் தொடும். ஸ்டீல் டேப் வேண்டும். துணி டேப் இழுத்தால் நீளும், கோடு முட்டை வடிவமாகும். இரண்டு அங்குல டேப்பை வளைவில் அரை அடித் துண்டுகளாக ஒட்டுங்கள். நீளமாக இழுத்தால் சுருங்கி எழும்பி, ஓடுபவர் கால் வழுக்கும்.

ஒட்டிய பின் பார்க்க வேண்டியது மூலை. 40 அங்குலத்தில் பெரிய கால் உள்ளவர் பாஸ் வாங்கி நிமிர்ந்தால் குதிகால் சைடுலைனில் படும். சோதனை ஆட்டத்தில் ஷாட் எத்தனை விழுந்தது என்பதோடு, மூலையில் எத்தனை முறை கால் வெளியே போனது என்றும் எண்ணுங்கள்.

டேபிளில் ஒத்திகை

ஷாட் கிளாக் ஆபரேட்டருக்கு 30, 20 இரண்டு பட்டன். பந்து ரிங்கில் பட்டதா என்பது முதல் கேள்வி. போர்டில் மட்டும் பட்டால் எதுவும் மாறாது. ரிங்கில் பட்டபின் யார் கையில் போகிறது என்று பார்த்துவிட்டுத்தான் எண்ணைத் தேர்வு செய்ய வேண்டும். ஃபீபாவில் பழகியவர் கை பழக்கத்தில் 14ஐத் தேடும். குவார்ட்டர் ஒத்திகை என்றால் ஸ்கோர் போர்டு கன்சோலில் நேரம் மாற்றினால் மட்டும் போதாது. டீம் ஃபவுல் குவார்ட்டருக்கு ஒருமுறை அழியும்படி அமைத்திருக்கிறதா என்று ஆட்டத்துக்கு முன்பே வேண்டுமென்றே ஐந்து ஃபவுல் ஏற்றிப் பாருங்கள். ஸ்கோர் ஷீட்டில் பழைய 7, 10 கட்டங்களை அடித்துவிட்டு 5ஐச் சுற்றி வட்டம் போடுங்கள்.

முடிவுகளைப் படிக்கும்போது ஒரு எச்சரிக்கை. 2012-13இல் ஆண்கள் முதல் பிரிவில் ஓர் அணியின் சராசரி 67.5 புள்ளிதான். 30 நொடி கிளாக் வந்த 2015-16இல் அது 70ஐத் தாண்டியது. ஆனால் அதே சீசனில் வளைவு 3 அடியிலிருந்து 4 அடியானது, டைம் அவுட் குறைந்தது, பந்து ஓடும்போது பயிற்சியாளர் டைம் அவுட் கேட்பது நின்றது. கிளாக்குக்கு மட்டும் மாலை போடுவது நியாயமில்லை. உங்கள் சோதனையிலும் ஒரு நாளைக்கு ஒரே மாற்றம். அதே இரண்டு அணிகள். பழைய விதியில் ஒரு ஆட்டம், புதியதில் ஒரு ஆட்டம்.

கருத்து அனுப்பும் தகுதியுள்ள கல்லூரியில் நீங்கள் இருந்தால், விதி எண்ணைப் போட்டுத் தொடங்கி, பழைய ஸ்கோர் ஷீட் பத்தில் கணக்கு எவ்வளவு மாறியது என்று இரண்டு பத்தி அட்டவணை வைத்து, எந்தச் சூழ்நிலையில் புது வாசகம் இரண்டு பொருள் தருகிறது என்று ஒரு ஆட்டக் காட்சியோடு காட்டுங்கள். ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம்.